ஓமானில் இமாமும் சுல்தானும்: 1744 முதல் ஒரே குடும்பம்தான் ஆண்டதா?

கேள்வி கேட்டவர் இரண்டு செய்திகளை அருகருகே வைத்துவிட்டு அவை எப்படிப் பொருந்தும் என்று கேட்கிறார். ஓமானை 1744 முதல் இன்றுவரை அல் பூசயீத் குடும்பம் தொடர்ந்து ஆள்கிறது என்பது ஒன்று. 1913இல் அதே ஓமானில் வேறொருவர் இமாமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது மற்றொன்று. இமாமும் சுல்தானும் ஒருவரா இருவரா, குடும்ப ஆட்சி இடையில் அறுந்ததா இல்லையா என்பதுதான் அவருடைய ஐயம். பெயர்ப்பட்டியலை மட்டும் பார்த்தால் இந்த ஐயம் தீராது. ஏனெனில் ஓமானில் ஆளும் உரிமை என்பது ஒரே ஊற்றிலிருந்து வந்ததல்ல. இந்தியப் பெருங்கடல் வணிக வரலாற்றை இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஓமானிய அரபுச் சரிதங்களை நான் மொழிபெயர்ப்பின் வழியாகவே படித்தவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

ஓமானின் உட்பகுதி மக்களில் பெரும்பாலோர் இபாதி பிரிவைச் சேர்ந்த முஸ்லிம்கள். சுன்னி, ஷியா என்ற இரண்டு பெரும் பிரிவுகளிலும் சேராத இந்தப் பிரிவின் அரசியல் கோட்பாடு, சமுதாயத்தின் தலைவரான இமாம் நபியின் குலத்திலோ குறைஷியர் குலத்திலோ பிறந்திருக்க வேண்டியதில்லை என்கிறது. கல்வியும் ஒழுக்கமும் உள்ள ஒருவரை உலமாக்களும் (மார்க்க அறிஞர்களும்) குலத் தலைவர்களும் கூடித் தேர்ந்தெடுத்துப் பைஅத் (விசுவாச உறுதிமொழி) செய்ய வேண்டும்; அவர் நெறி தவறினால் நீக்கவும் செய்யலாம்; தகுதியானவர் இல்லாத காலத்திலோ பகைவரின் ஆதிக்கத்தின் கீழோ இமாம் இல்லாமலேயே சமுதாயம் வாழலாம். இமாமின் இடம் காலியாக இருப்பதையும் இந்தக் கோட்பாடு ஏற்கிறது என்ற கடைசிக் கூறுதான் முக்கியமானது. ஓமானின் ஆட்சியாளர் பட்டியலில் இமாம்களின் வரிசை பல இடங்களில் நின்று, பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் தொடங்குவதற்கு அது ஒரு காரணம்.

முதல் இமாமாகக் கருதப்படும் ஜுலந்தா பின் மஸ்ஊத் ஏறத்தாழ 750இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். பாக்தாத்தைப் பின்னர் தலைநகராக்கிய கலீஃபாக்களான அப்பாசியர்கள் அனுப்பிய படையோடு போரிட்டு 752இல் மாண்டார். 793 முதல் நிஸ்வாவைத் தலைநகராகக் கொண்டு இரண்டாவது முறையாக எழுந்த இமாமத் ஒரு நூற்றாண்டு நிலைத்தது. அதன் முடிவு கோட்பாட்டின் பலவீனத்தைக் காட்டுகிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் பதவியில் இருந்து முதுமையடைந்த அஸ்ஸல்த் பின் மாலிக் 886இல் நீக்கப்பட்டார். அந்த நீக்கம் நியாயமா என்று தொடங்கிய வாதம் குலப் போராக முற்றி, 893இல் அப்பாசியப் படை உள்ளே நுழைய வழிவிட்டது. வாதம் அதோடும் முடியவில்லை. நிஸ்வா மரபு, ருஸ்தாக் மரபு என்று உலமாக்களே தலைமுறைகளாகப் பிரிந்து நின்றார்கள். ஆட்சியாளரை நீக்கும் உரிமை ஏட்டில் இருப்பது எளிது, அதைச் செயல்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதை மாணவர்களுக்கு விளக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி இதுவே.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1624 வரை நப்ஹானி அரசர்களின் காலம் என்று நூல்கள் எழுதுகின்றன. அது ஒரு வசதிக்கான பெயர் மட்டுமே. இடையில் இமாம்களும் தோன்றினார்கள். நப்ஹானிகள் நாடு முழுவதையும் ஆண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. சரிதம் எழுதியவர்கள் இமாமத் கோட்பாட்டில் ஊறிய உலமாக்கள். மன்னர்களைக் கொடுங்கோலர்களாகக் கருதியதால் அவர்களைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதினார்கள். ஆகவே இந்த ஐந்நூறு ஆண்டுகளின் பட்டியலை, குறிப்பாக ஆண்டுக் கணக்குகளை, உறுதியானதாக யாராவது கொடுத்தால் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். கடற்கரையிலோ 1507இல் அல்புகெர்க் தலைமையில் வந்த போர்த்துக்கீசியர்கள் மஸ்கட்டைக் கைப்பற்றியிருந்தார்கள்.

1624இல் ருஸ்தாக்கில் நாசிர் பின் முர்ஷித் இமாமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதோடு யஅரூபி வம்சம் தொடங்குகிறது. அவர் உட்பகுதிக் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நாட்டை ஒன்றாக்கினார். அவருக்குப் பின் வந்த உறவினர் சுல்தான் பின் சைஃப் 1650 ஜனவரியில் மஸ்கட்டிலிருந்து போர்த்துக்கீசியர்களை வெளியேற்றினார். இந்த ஆண்டில் ஐயமில்லை. ஆனால் நரோத்தம் என்ற இந்திய வணிகர், தம் மகளை மணக்க வற்புறுத்திய போர்த்துக்கீசியத் தளபதியைப் பழிவாங்கக் கோட்டையிலிருந்த உணவையும் வெடிமருந்தையும் தந்திரமாக அகற்றிவிட்டு இமாமுக்குச் செய்தி அனுப்பினார் என்று சரிதங்கள் சொல்லும் கதையை நான் வரலாறாகக் கற்பித்ததில்லை. மஸ்கட்டில் இந்திய வணிகர்களின் செல்வாக்கு அன்றே வேரூன்றியிருந்தது என்பதற்கு மட்டும் அதைச் சான்றாகக் கொள்ளலாம்.

யஅரூபிகளின் காலத்தில்தான் தேர்தல் என்ற வடிவம் மாறாமல் உள்ளடக்கம் மாறியது. சுல்தான் பின் சைஃபுக்குப் பிறகு மகன் பில்அரப். அவரை ஜப்ரீன் கோட்டையில் முற்றுகையிட்டு, அவர் 1692இல் இறந்த பிறகு ஆட்சியைத் தனதாக்கிக்கொண்டவர் தம்பி சைஃப். அவருக்குப் பிறகு 1711இல் அவர் மகன். ஒவ்வொரு முறையும் பைஅத் நடந்தது. ஆனால் இமாம் ஒரே வீட்டிலிருந்துதான் வந்தார். காரணம் செல்வம். சைஃபின் படைகள் ஏறத்தாழ மூன்று ஆண்டு முற்றுகைக்குப் பின் 1698 டிசம்பரில் மொம்பாசாவின் இயேசு கோட்டையைப் பிடித்தன. ஆப்பிரிக்கக் கரையும் கடல் வணிகமும் தந்த பணத்தில் ஃபலஜ் எனப்படும் நிலத்தடி நீர்க்கால்கள் சீரமைக்கப்பட்டன, பேரீச்சந்தோப்புகளோடு தென்னையும் நடப்பட்டது. ஃபலஜில் நீர் ஓடினால்தான் ஊர் உண்டு என்ற நாட்டில் அதைச் செப்பனிட்டவரின் மகனை மறுத்து வேறொருவரைத் தேர்ந்தெடுப்பது எந்தக் காஜிக்கும் எளிதாக இருந்திருக்காது.

ஆனாலும் 1718இல் ஒரு காஜி மறுத்துப் பார்த்தார். இறந்த இமாமின் மகன் சைஃப் அப்போது சிறுவன். சிறுவன் தொழுகைக்குத் தலைமை தாங்க முடியாது, ஆகவே இமாமாகவும் முடியாது என்பது உலமாக்களின் நிலை. ருஸ்தாக்கில் ஆயுதங்களோடு கூடிய குலத்தவர்களோ அந்தச் சிறுவனையே கேட்டார்கள். கலவரத்தைத் தவிர்க்க விரும்பிய காஜி, சைஃப் உங்கள் ‘அமாமகும்’ என்று அறிவித்தாராம். அதற்கு ‘உங்கள் முன்னே நிற்கிறான்’ என்பது பொருள். கூட்டம் அதை ‘இமாமகும்’, அதாவது ‘உங்கள் இமாம்’ என்று கேட்டுக்கொண்டு மகிழ்ந்து கலைந்தது. ஓர் உயிர்க்குறியின் வேறுபாடுதான். பிறகு முஹன்னா என்ற பெரியவரை உலமாக்கள் கோட்டைக்குள் அழைத்துச் சென்று இமாமாக்கினார்கள். 1720இல் அவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரில் குலங்கள் ஹினாவி, காஃபிரி என்ற இரண்டு அணிகளாகப் பிரிந்தன. அந்தப் பிளவு இருபதாம் நூற்றாண்டு வரை மறையவில்லை. வளர்ந்து பதவிக்கு வந்த அதே சைஃப், தன் எதிரிகளை அடக்க 1737இல் பாரசீகத்தின் நாதிர் ஷாவிடம் படை கேட்டார். உதவிக்கு வந்த படை நாட்டையே பிடித்துக்கொண்டது.

இங்கேதான் 1744 என்ற ஆண்டு வருகிறது. சோகாரின் ஆளுநராக இருந்த அஹ்மத் பின் சயீத், 1743இல் பாரசீகப் படையின் முற்றுகையை மாதக்கணக்கில் தாங்கி நின்று புகழ்பெற்றார். பின்னர் இமாமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓமான் அரசு 1744ஐத் தன் வம்சத்தின் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. யஅரூபி வம்சத்தைச் சேர்ந்த பில்அரப் பின் ஹிம்யர் என்ற போட்டி இமாம் 1749 வரை உயிரோடு இருந்தார் என்பதால், முழுமையான தேர்தல் அந்த ஆண்டில்தான் நடந்திருக்க வேண்டும் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் அதை முடிந்த முடிவாகச் சொல்ல மாட்டேன். பாரசீகர்களை அவர் பர்காவில் விருந்துக்கு அழைத்துக் கொன்றார் என்ற கதையும் இதே காலத்தைப் பற்றியதுதான். அதன் வடிவங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

அஹ்மத் 1783இல் இறந்தபோது மகன் சயீத் இமாமானார். அவரோடு ஒரு விசித்திரமான நிலை உருவானது. ஆளும் திறன் குறைந்தவர் என்று பலரும் கருதிய அவர் ருஸ்தாக்கில் தங்கிவிட, அவர் மகன் ஹமத் மஸ்கட்டில் அமர்ந்து உண்மையான ஆட்சியை நடத்தினார். இமாம் என்ற பட்டம் தந்தையிடமே இருந்ததால் மகன் ‘சையித்’ (பிரபு) என்று மட்டும் அழைக்கப்பட்டார். ஹமத் 1792இல் பெரியம்மையால் இறந்த பின் அவருடைய சிற்றப்பா சுல்தான் பின் அஹ்மத் மஸ்கட்டைப் பிடித்தார். இங்கே சுல்தான் என்பது அவருடைய பெயர், பட்டமல்ல. இந்தக் குழப்பத்தில் பலரும் இடறி விழுகிறார்கள். பட்டத்துக்குரிய இமாமோ இறக்கும்வரை ருஸ்தாக்கிலேயே இருந்தார். அவருக்குப் பின் 1868 வரை மஸ்கட்டின் ஆட்சியாளர்கள் எவரும் தேர்தலை நாடவில்லை. ஆளும் உரிமை பைஅத்திலிருந்து விலகித் துறைமுகச் சுங்கவரியின் மேல் அமர்ந்தது. இந்தியாவோடான உறவு அதில் பெரும்பங்கு வகித்தது. மங்களூர் அரிசி மஸ்கட்டுக்குப் போனது, திப்பு சுல்தான் அங்கே தம் வணிக நிலையத்தை வைத்திருந்தார். 1798இல் சுல்தான் பின் அஹ்மத் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்ததன் பின்னணியில் பிரெஞ்சுக்காரர்களையும் திப்புவையும் பற்றிய கம்பெனியின் அச்சம் இருந்தது.

அவர் மகன் சயீத் பின் சுல்தான், பதினைந்து பதினாறு வயதில், ஆட்சியைக் கையில் வைத்திருந்த உறவினர் பத்ர் பின் சைஃபை 1806இல் பர்காவில் கொன்று ஆட்சிக்கு வந்து, ஐம்பது ஆண்டுகள் நீடித்தார். தம் இருக்கையை ஓமானிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய சன்சிபார் தீவுக்கு மாற்றி, அங்கே கிராம்புத் தோட்டங்களைப் பெருக்கி, 1833இல் அமெரிக்காவோடு வணிக ஒப்பந்தம் செய்து, 1840இல் சுல்தானா என்ற தம் கப்பலை நியூயார்க்குக்கே அனுப்பிய ஆட்சியாளர் அவர். அந்தச் செழிப்பு ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பின் மேல் எழுந்தது என்பதைச் சொல்லாமல் அவரைப் பாராட்டுவது நேர்மையாகாது. பிரிட்டிஷ் ஆவணங்கள் அவரை ‘மஸ்கட் இமாம்’ என்று குறிப்பிடுவதைக் கண்டு அவரும் இமாமே என்று எழுதுகிறார்கள். அது தவறு. அவர் ஒருநாளும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. தம்மைச் சையித் என்றே அழைத்துக்கொண்டார்.

1856 அக்டோபரில் அவர் கடற்பயணத்தில் இறந்ததும் பேரரசு இரண்டாகப் பிளந்தது. மஸ்கட்டில் மகன் துவைனி, சன்சிபாரில் மகன் மஜீத். இந்தியாவின் தலைமை ஆளுநர் கானிங் 1861இல் அளித்த தீர்ப்பு இரண்டையும் தனித்தனி அரசுகளாக்கி, சன்சிபார் ஆண்டுக்கு 40,000 வெள்ளிக் கிரவுன் மஸ்கட்டுக்குத் தர வேண்டும் என்றது. சன்சிபார் கிளை 1964 ஜனவரிப் புரட்சியில் வீழ்ந்தது. மஸ்கட் ஆட்சியாளர்களுக்குச் ‘சுல்தான்’ என்ற பட்டம் நிலைத்தது இந்தப் பிரிவினைக்குப் பிறகுதான். செல்வம் தந்த ஆப்பிரிக்கக் கரை போனதும் மஸ்கட்டின் நிலை ஆட்டம் கண்டது. 1866இல் துவைனியைச் சோகாரில் தூங்கும்போது சுட்டுக்கொன்றவர் அவருடைய சொந்த மகன் சாலிம் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் செய்தி. அந்த சாலிமை 1868இல் விரட்டிவிட்டு, உலமாக்களின் துணையோடு இமாமானவர் அஸ்ஸான் பின் கைஸ்.

கேள்வியாளர் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அஸ்ஸான் அல் பூசயீத் குடும்பத்தின் ஒரு கிளையைச் சேர்ந்தவர். அதே சமயம் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட இமாம். எனவே ‘ஒரே குடும்பம்’ என்ற கூற்று அவரால் உடையவில்லை; ஆனால் ஆட்சியின் தன்மை அவர் ஆண்ட காலம் முழுவதும் வேறாக இருந்தது. பம்பாயில் தங்கியிருந்த துவைனியின் தம்பி துர்க்கி திரும்பி வந்து போர் தொடுக்க, 1871 ஜனவரியில் அஸ்ஸான் மத்ராவில் மாண்டார். அதன் பிறகு துர்க்கி, அவர் மகன் ஃபைசல், அவர் மகன் தைமூர், அவர் மகன் சயீத், அவர் மகன் காபூஸ் என்று முதன்முறையாக ஒரு நேர்கோடு உருவாகிறது.

அந்த நேர்கோடு மஸ்கட்டில் இருந்தபோதே, 1913இல் உட்பகுதிக் குலத்தவர்கள் சாலிம் பின் ராஷித் அல் கரூசியை இமாமாகத் தேர்ந்தெடுத்தார்கள். இவர் ஆளும் குடும்பத்தைச் சேர்ந்தவரல்லர். ஹினாவி, காஃபிரி இரு அணிகளும் அவருக்குப் பின் நின்றன. 1915 ஜனவரியில் அவர்கள் மஸ்கட்டைத் தாக்கியபோது சுல்தானைக் காப்பாற்றியது பிரிட்டிஷ் இந்தியப் படையின் சில நூறு வீரர்கள்தான். 1920இல் இமாம் கொல்லப்பட்ட பின் முஹம்மத் பின் அப்துல்லா அல் கலீலி தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று சீப் உடன்படிக்கை கையெழுத்தானது. உட்பகுதியிலிருந்து வரும் சரக்குக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் வரி இல்லை, இரு தரப்பு மக்களும் தடையின்றிப் போய்வரலாம், ஒரு தரப்பின் குற்றவாளிகளுக்கு மறு தரப்பு புகலிடம் தரக்கூடாது என்பன போன்ற விதிகள் அதில் இருந்தன. இது இரண்டு நாடுகளுக்கு இடையிலான உடன்படிக்கையா, ஒரு மன்னர் தம் குடிகளுக்குத் தந்த உள்ளாட்சி உரிமையா என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. இமாமின் ஆதரவாளர்கள் முதலாவதென்றும் மஸ்கட்டின் ஆதரவாளர்கள் இரண்டாவதென்றும் வாதிட்டார்கள். உடன்படிக்கையின் வாசகம் இரண்டுக்கும் இடம் தருவதாகவே எனக்குப் படுகிறது. நடைமுறையில் மட்டும் ஐயமில்லை: அடுத்த முப்பத்து நான்கு ஆண்டுகள் கடற்கரை சுல்தானிடம், நிஸ்வாவும் உட்பகுதியும் இமாமிடம். அன்றைய நாட்டுப் பெயரே ‘மஸ்கட்டும் ஓமானும்’ என்பதுதான்.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது எண்ணெய். 1954இல் இமாம் அல் கலீலி இறந்து காலிப் பின் அலீ தேர்ந்தெடுக்கப்பட்ட அதே காலத்தில் எண்ணெய் நிறுவனம் ஃபஹூத் பகுதியில் நுழைந்தது; உட்பகுதியில் எண்ணெய் எடுக்க அனுமதி தருபவர் யார் என்ற கேள்வி எழுந்தது. 1955 டிசம்பரில் சுல்தானின் படை நிஸ்வாவைப் பிடித்தது; சுல்தான் சயீத் பின் தைமூர் தென்கரை நகரான சலாலாவிலிருந்து மோட்டார் வண்டிகளில் பாலைவனத்தைக் கடந்து அங்கே வந்து சேர்ந்தார். 1957இல் மீண்டும் எழுந்த கிளர்ச்சி, 1959 ஜனவரியில் ஜபல் அக்தர் மலையில் பிரிட்டிஷ் சிறப்புப் படையால் அடக்கப்பட்டது. காலிப் சவூதி அரேபியாவில் அடைக்கலம் புகுந்து, 2009இல் தம்மாமில் காலமானார். ஐக்கிய நாடுகள் அவையில் ‘ஓமான் பிரச்சினை’ என்ற பெயரில் இந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் பேசப்பட்டது. 1971இல் ஓமான் உறுப்பு நாடானதோடு அது அடங்கியது.

இரு தரப்பு வரலாற்றையும் படிக்கும்போது எழுதியவர் யார் என்று பார்ப்பது அவசியம். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரித ஆசிரியர் இப்னு ருஸைக் அல் பூசயீத் ஆட்சியின் நிழலில் வாழ்ந்தவர். அவருக்குப் பின் பெருஞ்சரிதம் எழுதிய பார்வையற்ற அறிஞர் நூருத்தீன் அஸ்ஸாலிமியோ 1913 தேர்தலை முன்னின்று நடத்தியவர். ஒரே நிகழ்ச்சி ஒருவரிடம் சாதனையாகவும் மற்றவரிடம் வழிதவறலாகவும் மாறுவதில் வியப்பில்லை. இருவரும் ஒத்துப்போகும் இடங்களை நான் உறுதியானவையாகக் கொள்கிறேன். மற்றவற்றில் துறைமுகப் பதிவுகளையும் அயல்நாட்டார் கடிதங்களையும் துணைக்கு வைத்துக்கொள்கிறேன்.

1970 ஜூலை 23 அன்று சலாலா அரண்மனையில் காபூஸ் தம் தந்தையைப் பதவியிலிருந்து இறக்கினார்; ஆகஸ்டில் நாட்டின் பெயர் ‘ஓமான் சுல்தானகம்’ ஆனது. வாரிசு யார் என்பதற்கு எழுதப்பட்ட விதி அதுவரை இல்லை. 1996ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம், துர்க்கி பின் சயீதின் ஆண்வழிச் சந்ததியில் ஒருவரை மூன்று நாள்களுக்குள் ஆளும் குடும்பத்தின் அவை தேர்ந்தெடுக்க வேண்டும், உடன்பாடு இல்லையென்றால் மறைந்த சுல்தான் எழுதிவைத்த கடிதத்தில் உள்ள பெயரை ஏற்க வேண்டும் என்றது. கணக்கு அஹ்மதிலிருந்து தொடங்கவில்லை, துர்க்கியிலிருந்து தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். அஸ்ஸானின் கிளைக்கு இடமில்லை, சன்சிபார் கிளைக்கும் இல்லை. பிள்ளையில்லாத காபூஸ் 2020 ஜனவரி 10 அன்று இறந்தார். குடும்ப அவை தானே தேர்ந்தெடுக்காமல் கடிதத்தைத் திறக்கும்படி கேட்டுக்கொண்டது. அதில் இருந்தது அவருடைய சிற்றப்பா மகன் ஹைதம் பின் தாரிக்கின் பெயர். 2021 ஜனவரியில் ஹைதம் வெளியிட்ட புதிய அடிப்படைச் சட்டம், பட்டம் மூத்த மகனுக்கே என்று முதன்முறையாக எழுதிவைத்தது.

ஆகவே கேள்வி கேட்ட நண்பர் ஆட்சியாளர் பட்டியல் போடுவதானால் ஒரே நெடுவரிசையாகப் போட வேண்டாம் என்பது என் பரிந்துரை. அல் பூசயீத் ஆட்சியாளர்களை ஒரு வரிசையில் எழுதி, அஹ்மத், அவர் மகன் சயீத், அஸ்ஸான் ஆகிய மூவரின் பெயருக்கு எதிரே மட்டும் ‘இமாம்’ என்று குறிக்கலாம். அதன் அருகே 1913 முதல் 1959 வரை அல் கரூசி, அல் கலீலி, காலிப் பின் அலீ ஆகிய மூவரை இணையான இரண்டாம் வரிசையாக வைக்கலாம். முதல் ஆண்டுக்கு 1744 என்று எழுதினால், ‘அரசு ஏற்கும் கணக்கின்படி’ என்ற சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.